இரண்டாவது படகு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குப் போன் வந்தது. மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டில் அப்போதுதான் தோசைக்கல் அடுப்பில் ஏறியிருந்தது. பேசியவர் காராபுரித் தீவின் ஊர்ப்படகை ஓட்டும் தாண்டேல்.

"மிஸ்திரி, பின்னால தண்ணி துப்புறது நின்னுபோச்சு. உடனே எஞ்சினை அணைச்சுட்டேன். இன்னொரு படகுல கட்டி இழுத்து ஜெட்டிக்குக் கொண்டாந்துட்டோம். நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பன்னெண்டாங் கிளாஸ் பரீட்சை."

நான் படகு எஞ்சின் பழுது பார்க்கிற மிஸ்திரி. மராத்தியும் இந்தியும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். எஞ்சினைச் சரியான நேரத்தில் அணைத்துவிட்டார் என்று கேட்டதும் பாதிப் பாரம் இறங்கியது. கடல் எஞ்சின் வெளியே இருந்து உப்புத்தண்ணீரை உறிஞ்சி, சூட்டை அதில் இறக்கி, புகையோடு சேர்த்துப் பின்பக்கம் துப்பிக்கொண்டே போகும். நல்ல தாண்டேலின் கண் கடலைப் பார்த்தாலும் காது அந்தச் சத்தத்தில்தான் இருக்கும். சத்தம் நின்றபிறகும் ஓட்டிக்கொண்டே போனால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிடும். அப்புறம் இரவோடு இரவாக எதுவும் நடக்காது.

தோசையைத் தட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். தாராவியில் இருக்கும் என் உதவியாள் தம்பிக்குப் போன் போட்டேன். வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். "எங்கண்ணே, இந்நேரத்துல?" என்றான். "தீவுக்கு" என்றதும் மறுபேச்சில்லை. பாவ்ச்சா தக்கா படகுத்துறையில் எங்களுக்காக ஒரு சின்ன மீன்பிடிப் படகை அனுப்பியிருந்தார்கள்.

அமாவாசைக்கு மறுநாள். கடல் கறுப்பாகக் கிடந்தது. புட்சர் தீவின் எண்ணெய் முனைய விளக்குகளை ஒட்டிப் போகும்போது மட்டும் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிந்தது. தூரத்தில் நாவா ஷேவா துறைமுகத்துக் கிரேன்கள் பகல்போல வெளிச்சம் போட்டு நின்றன. அந்தப் பக்கம் உலகத்துக் கப்பல்களெல்லாம் மணிக்கணக்குப் பார்த்து வந்து போகின்றன. அதற்கு எதிரே ஆயிரம் பேர் அளவில் வாழும் ஒரு தீவு, ஒரு எஞ்சின் நின்றதால் விடியலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எலிஃபண்டா என்றால் எல்லோருக்கும் தெரியும். 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த குகைகள், மூன்று முகச் சிவன், குரங்குகள், படியெல்லாம் கடைகள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நாமே கேட்வே ஆஃப் இந்தியாத் துறையிலிருந்து லாஞ்சில் ஏற்றிக் கூட்டிப்போயிருக்கிறோம். போர்ச்சுகீசியர்கள் அங்கே கண்ட கல் யானையால் வந்த பெயர் அது. அந்த யானை இப்போது பைகுல்லா ஜிஜாமாதா தோட்டத்தில் நிற்கிறது. தீவில் பிறந்தவர்கள் தங்கள் ஊரை காராபுரி என்றுதான் சொல்வார்கள். சேத்பந்தர், ராஜ்பந்தர், மோராபந்தர் என்று மூன்று குடியிருப்புகள். நிர்வாகத்தில் ராய்கட் மாவட்டம், உரண் தாலுகா. கேபிள் கடலுக்கடியில் போடப்பட்டு முழு மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை சாயங்காலம் சில மணி நேர ஜெனரேட்டர் வெளிச்சம்தான். நாடு சுதந்திரம் அடைந்து 70 வருஷம் கழித்து, மும்பைக்குக் கூப்பிடு தூரத்தில்! இதை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை.

மின்சாரத்துக்குக் கேபிள் வந்தது. மனிதர்கள் போய்வர இன்றும் படகுதான்.

இதில் திங்கட்கிழமை தனி நாள். அன்று குகைகளுக்கு விடுமுறை. சுற்றுலாப் பயணி இல்லாததால் கேட்வேயிலிருந்து வரும் லாஞ்சுகளும் இல்லை. மற்ற நாட்களில் ஊர்ப்படகு நின்றாலும் ஏதாவது ஒரு லாஞ்சில் ஓரமாக நின்று கரை சேர்ந்துவிடலாம். திங்கட்கிழமை அந்த வழியும் கிடையாது. பரீட்சை திங்கட்கிழமை வந்தது.

பதினொரு மணி ஆகியிருந்தது நாங்கள் ஜெட்டியில் ஏறும்போது. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பாக்களும் அதில் இருந்தார்கள். யாரும் "எப்போ சரியாகும்" என்று கேட்கவில்லை. ஒருவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

முதலில் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் எண்ணெய் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். கறுப்பாக இருந்தது. உயிர் வந்தது. அடுத்து வாய்க்குழாய் வடிகட்டி. பால் பாக்கெட் கவர் ஒன்றும், சிப்ஸ் பொட்டலத்தின் பாதியும், கை நிறையச் சேறும் வந்தன. தண்ணீர் கிடைக்காமல் பம்பு காய்ந்து சுற்றியிருக்கிறது. பம்பு மூடியைக் கழற்றினால், உள்ளே இருக்கவேண்டிய இம்பெல்லர் பிய்ந்து கிடந்தது.

இம்பெல்லர் என்பது பூ மாதிரி இதழ்கள் விரிந்த ஒரு ரப்பர்த் துண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும். அது சுற்றித்தான் கடல்தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காய்ந்து ஓடினால் இதழ்கள் உதிரும். உதிர்ந்தவை தண்ணீர்க் குழாயோடு போய்ச் சூடு மாற்றும் பெட்டியின் மெல்லிய குழல்களில் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்டுவிட்டு அந்தத் துண்டுகளை எடுக்காமல் விட்டால், பாதிக் கடலில் மறுபடியும் சூடேறும். அதனால் உதிர்ந்த இதழ்களை எண்ணி எடுக்க வேண்டும். இதற்கு ஆறு இதழ். பம்புக்குள் இரண்டு கிடந்தன. குழாயைக் கழற்றி உதறியதில் இரண்டு. பெட்டியின் வாயில் ஒன்று. ஆறாவது இல்லை.

தம்பி, "அஞ்சு கெடைச்சிட்டுல்லா அண்ணே, சின்னத் துண்டு தான, வெளிய போயிருக்கும்" என்றான். போயிருக்கலாம். ஆனால் காலையில் அந்தப் படகில் ஏறப்போவது பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள். பெட்டியின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒவ்வொரு குழலிலும் கம்பி விட்டோம். இரண்டு மணிக்கு மேல், கீழ்வரிசையின் ஓரத்துக் குழலில் கறுப்பாக ஒன்று தட்டியது. இடுக்கியால் இழுத்து எடுத்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினேன். பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நகத்தின் அளவு.

இனி, போடுவதற்குப் புது இம்பெல்லர் வேண்டும். படகில் இல்லை. என் பையில் இருந்த இரண்டும் வேறு அளவு. மும்பை தாருகானாவில் கடை திறக்கப் பத்து மணி ஆகும். அதை வாங்கிக் கடல் கடந்து வர மதியம். அப்போதுதான் தாண்டேல் மெதுவாகச் சொன்னார், ராஜ்பந்தரில் ஒருவருடைய படகில் இதே எஞ்சின்தான் என்று. ஆள் போய் எழுப்பினார்கள். படகுக்காரர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். "கழட்டிக்கோங்க" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

நான் கழற்றினேன். அவருடைய படகு அந்த நிமிடத்தோடு நின்றது.

பிள்ளைகள் இறங்க வேண்டியது உரண் கரையிலுள்ள மோராத் துறையில். அங்கே படகு ஒட்ட வேண்டுமானால் நீர் ஏற வேண்டும். அங்கே சேறு தூர்ந்துபோய், வற்றத்தில் படகு ஜெட்டிக்குக் கிட்டவே போக முடியாது. பாவ்ச்சா தக்கா–மோரா லாஞ்சுகளே பெரிய வற்ற நாட்களில் சில மணி நேரம் நிறுத்தப்படும். அன்று ஆறேகாலுக்கு வற்றம். எட்டரைக்கு மேல்தான் அங்கே தண்ணீர் போதும். எட்டு மணிக்கு எஞ்சினை எழுப்பினேன். பின்னால் தண்ணீர் துப்பியது. பிள்ளைகள் நெஞ்சோடு பிளாஸ்டிக் உறை போட்ட ஹால்டிக்கெட்டை அணைத்தபடி ஏறினார்கள். ஒருத்தி படியில் நின்று எங்கள் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வேலை முடிந்த சந்தோஷம் எங்கள் தொழிலில் வாரத்துக்கு ஒருமுறை வரும். இம்பெல்லர் கொடுத்தவரின் அம்மாவுக்கு அன்று மும்பையில் கண் ஆபரேஷன் தேதி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய படகில்தான் காலையில் கூட்டிப்போவதாக இருந்தது. திங்கட்கிழமை வேறு படகு இல்லை. தேதி தவறியது. அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது.

ஒரு படகைக் கிடத்தி இன்னொரு படகை எழுப்பினேன். அந்த ராத்திரி வேறு வழி இருந்ததா என்று பலமுறை யோசித்துவிட்டேன். இருந்திருக்கும், ஒரு தகர டப்பா இருந்திருந்தால்.

என் பெரியப்பா வேம்பாரிலிருந்து 1970-களில் பம்பாய்க்கு வந்தவர். மஜ்காவ் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பிட்டராகச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் லாஞ்ச் எஞ்சின்களோடு வாழ்ந்தார். என்னைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது அவர். எந்தப் படகில் ஏறினாலும் எஞ்சினைப் பார்க்க மாட்டார். "டப்பாவத் தொறந்து காட்டுவே" என்பார் முதலில். பிஸ்கட் தகர டப்பா. அதற்குள் ஒரு இம்பெல்லர், இரண்டு பெல்ட், ஒரு முழம் ரப்பர்க் குழாய், கிளிப்புகள், டீசல் பில்டர், பம்பு மூடிக்குக் காகித கேஸ்கட், இத்தனையும் எண்ணெய்த்துணியில் சுற்றி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படகில் வேலை பார்க்காமல் இறங்கிவிடுவார். சண்டையெல்லாம் வந்திருக்கிறது.

"ஏல, ரோட்டுல லாரி நின்னா டிரைவர் எறங்கி நடப்பான். இதுல எறங்கி எங்கன நடப்ப?" என்று ஒருமுறை கேட்டார். எனக்கு அப்போது 19 வயது. அந்தக் கேள்வியை அவர் மிகச் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் தீவுக்குப் போகும் படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதிலிருந்துதான் கிளைத்தது.

மும்பைத் துறைமுகத் தண்ணீர் எஞ்சினுக்குக் கொடியது. நான்கு பக்கமும் கழிமுகம், ஓடைகள். சேறு கரைந்த தண்ணீர்தான் பம்புக்குள் போகிறது. ஊர்க் குப்பை எல்லாம் ஏற்றத்தில் உள்ளே வந்து வற்றத்தில் வெளியே போகிறது. பிளாஸ்டிக் கவர் வாய்க்குழாயை அடைப்பதும், அறுந்த நைலான் வலை படகைத் தள்ளும் பங்காவில் சுற்றிக்கொள்வதும் தினசரி. நைலான் கயிறு தண்டுக்கும் பங்காவுக்கும் நடுவில் இறுகினால் சூட்டில் உருகிக் கல்லாகிவிடும். பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியோடு முங்கி, அறுத்து அறுத்து எடுப்பார்கள். பல படகுகளில் இருப்பது லாரிக்காகச் செய்த எஞ்சினைக் கடலுக்கு மாற்றியது. மோசம் என்று சொல்லமாட்டேன், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல ஆயிரம் மணி நேரம் ஓடும். உடம்பு மரம். வருஷத்துக்கு ஒருமுறை கரையேற்றிப் பலகை இடுக்கில் பஞ்சு அடித்துக் கலப்பத்து செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்ற வேண்டும். தண்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் படகு பத்து நாள், பதினைந்து நாள் கரையில் கிடக்கும்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. ஊருக்கு ஒரே படகு என்றால் அந்தப் பதினைந்து நாளை யார் தருவார்கள்? "இந்த மாசம் ஓடட்டும் மிஸ்திரி, மழைக்கு முன்னால பாத்துக்கலாம்." மழை வந்தால் வேறு கணக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய அலிபாக் பக்கத்து மாண்ட்வாவுக்குப் போகும் பயணி லாஞ்சுகள் நின்றுவிடும், எலிஃபண்டா லாஞ்சுகள் கடலைப் பார்த்து ஓடும், வருமானம் இறங்கும், பழுதுக்குக் கையில் காசு இருக்காது. அப்படியே தள்ளித் தள்ளி ஒருநாள் படகு தானாகவே நிற்கும். பத்து நாள் வேலை அப்போது ஒன்றரை மாதம் ஆகும். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. சர்வே, சான்றிதழ், உயிர்காப்பு அங்கி எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. வரவேற்கிறேன். ஆனால் சர்வேக்குப் படகு கரையேறும் நாட்களில் ஊர்க்காரர் எதில் போவார் என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

தொழில் காரணமாக உலகத்தில் எங்கே பயணிப் படகு பழுதானாலும் தேடிப் படிப்பேன். ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். ஸ்காட்லாந்தைப் பற்றிப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அங்கே மேற்குக் கரைத் தீவுகளுக்குக் கால்மேக் என்ற அரசு நிறுவனம் கப்பல் விடுகிறது. ஐல் ஆஃப் ஆரன் என்ற கப்பல் 1980-களின் தொடக்கத்தில் கட்டியது. நாற்பது வருஷம் ஆன பிறகும் அதை ஓட்டினார்கள். ஆரன் தீவுக்குப் புதிதாக கிளென் சானக்ஸ் என்ற கப்பலுக்கு 2015-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2017 நவம்பரில் அதை நீரில் இறக்கிய விழாவில் ஜன்னல்கள் பெயிண்டால் வரையப்பட்டவை. கப்பல் கைக்கு வந்தது 2024 நவம்பர், பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரி. ஜன்னல் வரைந்த அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விழாவுக்குத் தேதி குறித்தவர்கள் எஞ்சின்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதைவிட மனசில் தங்கியது தெற்கு யூயிஸ்ட் தீவின் கதை. 2023-இல் வேறு கப்பல்கள் பழுதானபோது, அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கப்பலை எடுத்து இன்னொரு வழித்தடத்தில் போட்டார்கள். ஜூன் மாதம் ஏறக்குறைய முழுவதும் அந்தத் தீவின் துறைக்குக் கப்பல் இல்லை. விடுதி நடத்துகிறவர்கள், மீனவர்கள், கடைக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் வண்டிகளோடு லோக்பாய்ஸ்டேல் துறையில் வந்து நின்றார்கள். ராஜ்பந்தர்க்காரர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அந்த ராத்திரிதான் எனக்கு நினைவு வந்தது. பழுதானது ஒரு கப்பல், நின்றுபோனது வேறொரு தீவு. அவரிடம் நான் கேட்டாவது வாங்கினேன். அந்தத் தீவுக்காரர்களிடம் எடுத்தே போய்விட்டார்கள். அதே 2023-இல் ஆல்ஃபிரட் என்ற கப்பலை ஒன்பது மாதத்துக்கு 90 லட்சம் பவுண்ட் கொடுத்து உபரியாக வாடகைக்கு எடுத்தார்கள். தொகையைப் பார்த்து அங்கேயே பலர் மலைத்தார்கள். உபரிக் கப்பலை நேரத்தில் கட்டாமல் விட்டால் விலை அப்படித்தான் வந்து நிற்கும்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் பத்து. கொச்சிக்குக் கப்பல்தான் அவர்களுடைய ரயில். 2021 முடியும் தறுவாயில் எம்.வி. கவரத்தி கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட பயணிகளோடு நடுக்கடலில் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, அது பெரிய விஷயம். ஆனால் 700 பேரை ஏற்றும் கப்பல் ஒன்று வரிசையிலிருந்து விலகியதும் மற்ற கப்பல்கள் மேல் பாரம் ஏறியது. கொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வேண்டியவர்கள் டிக்கெட்டுக்காக நாள் கணக்கில் லாட்ஜில் கிடந்தார்கள். வைத்தியச் செலவுக்கு மேல் காத்திருந்த செலவு.

யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் நடுவே ஓடும் குமுதினியைத் தமிழ் படிக்கிற யாரும் மறந்திருக்க மாட்டோம். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன முப்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகைத்தான் பிறகும் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார்கள். "குமுதினி திருத்தத்துக்குப் போயிற்று" என்ற வரியை எத்தனை முறை படித்திருப்பேன். அவ்வளவு துக்கத்தைச் சுமந்த படகுக்கு ஓய்வே கிடைக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

காராபுரி ஜெட்டியில் நின்று வடக்கே பார்த்தால் அடல் சேது கடல்பாலம் தெரியும். 2024 ஜனவரி 12-இல் திறந்தார்கள். 21.8 கிலோமீட்டர். அதே நாளில் உரணுக்கு லோக்கல் ரயிலும் வந்தது. உரண்வாசிகளுக்கு நல்ல காலம், மறுக்கவில்லை. பாவ்ச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்குக் கார்களையும் ஏற்றிப்போகும் ரோ-ரோ கப்பல் 2020 மார்ச்சிலேயே வந்துவிட்டது. காராபுரித் தீவுக்காரர் ஒருவர் பாலத்தின் விளக்கு வரிசையைக் காட்டி, "எங்க தலைக்கு மேல போற மாதிரி இருக்கு, காலுக்குக் கீழ ஒண்ணும் வரல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு இருந்தது.

2024 டிசம்பர் 18-ஐச் சொல்லாமல் போக முடியாது. கேட்வேயிலிருந்து எலிஃபண்டாவுக்கு நூறு பேருக்கு மேல் ஏற்றிப்போன நீல்கமல் லாஞ்ச் மீது, எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை வேகப்படகு கட்டுப்பாட்டை இழந்து வந்து மோதியது. 15 உயிர்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த படகுக்காரர்கள்தான் முதலில் பாய்ந்து போய்த் தூக்கினார்கள். அன்று சாயங்காலம் பட்டறையில் யாரும் ஸ்பானரைத் தொடவில்லை. எஞ்சின் மாற்றினால் சோதனை ஓட்டம் போவது எங்களுக்கு அன்றாட வேலை. 'டிரையல்' என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல் அன்றிலிருந்து வாயில் கனக்கிறது. இப்போது டிரையல் போனால் லாஞ்ச் வழித்தடத்தை விட்டு வெகுதூரம் விலகித்தான் போகிறோம்.

அந்த விபத்துக்குப் பிறகு உயிர்காப்பு அங்கி பற்றிக் கண்டிப்பு வந்தது. நல்லது. ஆனால் எஞ்சின் நடுவழியில் நின்றாலும் அது உயிர் விஷயம்தான் என்பதை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. எஞ்சின் நின்ற படகு திரும்ப முடியாது, விலக முடியாது. அலைக்கு முகத்தைக் காட்ட வேண்டிய நேரத்தில் விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிற்பகலில் கச்சான் என்ற மேல்காற்று ஏறிவிட்டால், பெரிய கப்பல் வரும் வாய்க்காலில் அப்படி நிற்பது என்னவென்று ஒருமுறை அனுபவித்தவருக்குத் தெரியும். எனக்கு இரண்டு முறை.

தீவுக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று யாராவது உட்கார்ந்து கேட்டால் தெரியும். கண்ணாடி வைத்த ஏசி படகு கேட்கவில்லை. ஓடுகிற படகு கரையேறும்போது அந்த இடத்தில் வந்து நிற்க ஒரு படகு. பழையதாக இருக்கட்டும், மெதுவாகப் போகட்டும். மும்பையைச் சுற்றியிருக்கிற காராபுரி, மோரா, ரேவஸ், மனோரி, கோராய்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து இரண்டே இரண்டு படகை உபரியாக வைத்தால்கூட, முறை வைத்து ஒவ்வொன்றையும் கரையேற்றி ஒழுங்காகப் பழுது பார்த்துவிடலாம். நான் கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறேன். பெரிய தொகை இல்லை. கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம், சும்மா நிற்கிற படகுக்குச் செலவு செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. தீயணைப்பு வண்டியும் சும்மாதான் நிற்கிறது. அதை ஏன் வாங்கினாய் என்று எவரும் கேட்பதில்லை.

உதிரிப் பாகமும் அப்படித்தான். ஒரு ஜெட்டிக்கு ஒரு பூட்டிய இரும்புப் பெட்டி, அந்தத் துறையில் ஓடும் எஞ்சின்களுக்கு அளவு பார்த்து இம்பெல்லர், பெல்ட், பில்டர். சாவி ஊர்ப் பஞ்சாயத்தில். எடுத்தவர் எழுதிவைத்துவிட்டு மறுவாரம் வாங்கி வைக்க வேண்டும். காராபுரியில் இதை நானே தொடங்கிவிட்டேன். தகர டப்பாதான், இரும்புப் பெட்டி இன்னும் வரவில்லை. பட்டறை முதலாளி இரண்டு பெல்ட்டைச் சும்மா கொடுத்தார். தம்பி ஊரிலிருந்து வரும்போது முறுக்கு கொண்டுவந்த பெரிய டப்பாவைக் கழுவித் தந்தான். மூடியில் மராத்தியில் சாமான் பட்டியல் ஒட்டியிருக்கிறது. போன மாதம் திறந்து பார்த்தேன். ஒரு பெல்ட் எடுக்கப்பட்டிருந்தது, அதன் இடத்தில் புதுசு ஒன்று இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, கேட்வேயிலிருந்து முதல் லாஞ்சில் நானும் தம்பியும் தீவுக்குப் போனோம். கடை திறந்ததும் முந்தின நாளே வாங்கி வைத்த இம்பெல்லர் பையில் இருந்தது. சேத்பந்தரில் இறங்கி ராஜ்பந்தருக்கு நடந்தோம். படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. நீர் ஏறும்வரை காத்திருந்து வேலையைத் தொடங்கினேன். கரையில் ஒரு வேப்பமரத்தடியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. யாரோ வருகிறார்கள் என்பது தெரியும், யார் என்று தெரியாது. மகன் அவரிடம் ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தேதி தவறியதற்கு வருத்தப்படுகிறேன் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். அவர் என் கையைத் தடவிப் பார்த்தார். காப்புக் காய்த்த இடத்தில் விரல் நின்றது.

"பொண்ணுங்க போய்ச் சேந்தாங்களா?" என்றார்.

"சேந்தாங்க ஆயி."

பம்பு மூடியைப் பூட்டி, நாலு திருகையும் இறுக்கிவிட்டு எஞ்சினைத் தட்டினேன். ஒரு இருமல், கொஞ்சம் கறுப்புப் புகை. பிறகு பின்பக்கம் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பத் தொடங்கியது. மரத்தடியில் இருந்தவர் அந்தச் சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.